வெள்ளிக்கிழமை கோயிலுக்குப் போகிறவர் ஏற்காட்டுக்கு ஏன் வர மறுக்கிறார்?

கேள்வி: எனக்கு 62 வயது, என் மனைவிக்கு 57. சேலம் அம்மாப்பேட்டையில் வசிக்கிறோம். திருமணமாகி 34 ஆண்டுகள் ஆகின்றன. வேலை, மகனின் படிப்பு, பெற்றோரின் வைத்தியம் என்று காலம் ஓடிவிட்டதால் நாங்கள் இருவர் மட்டும் சேர்ந்து எங்கும் போனதில்லை. ஓய்வுபெற்ற பிறகாவது போகலாம் என்று மேட்டூர், ஒகேனக்கல் என அழைத்துப் போனேன். கடந்த மே மாதம் கோடை விழாவுக்கு வாடகைக் கார் வைத்து ஏற்காடு போனோம். ஒரே நாளில் ஒன்பது இடங்களைப் பார்ப்பதாகத் திட்டம். வெளிச்சாப்பாடு ஒத்துக்கொள்ளாது என்பதால் புளிச்சோறும் தயிர்ச்சோறும் கட்டிக்கொண்டு ஐந்து மணிக்கே கிளம்பினோம். பாதி வளைவுகள் ஏறுவதற்குள் அவளுக்கு வாந்தி வந்துவிட்டது. "சின்னக் குழந்தையா நீ? ஆறாயிரம் ரூபாய் வீண்" என்று ஓட்டுநர் முன்னாலேயே சொல்லிவிட்டேன். அதன்பின் ஏரிக்கரையில்கூட அவள் காரைவிட்டு இறங்கவில்லை. எந்த ஊருக்குப் போனாலும் தண்ணீர் குடிக்காமல் தலைவலி என்று முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்வது அவள் வழக்கம். இப்போது எங்கே கூப்பிட்டாலும் "நீங்க போயிட்டு வாங்க, நான் வீட்டைப் பாத்துக்கறேன்" என்கிறாள். ஆனால் வெள்ளிக்கிழமை தவறாமல் பக்கத்து வீட்டு அம்மாவோடு டவுன் பஸ்ஸில் கோட்டை மாரியம்மன் கோயிலுக்குப் போய், தட்டுவடை செட் சாப்பிட்டுவிட்டு, எட்டு மணிக்குச் சிரித்த முகத்தோடு வருகிறாள். என்னோடு வருவதுதான் பிடிக்கவில்லையா? பெங்களூரில் இருக்கும் மகன் எங்கள் இருவருக்கும் காசி யாத்திரைக்குப் பணம் கட்டுகிறேன் என்கிறான். கட்டச் சொல்லலாமா?

பதில்:

அன்புள்ள ஐயா,

மனைவியைப் பற்றிய குறைகளோடு எனக்கு வரும் கடிதங்களில், தாம் சொன்ன கடுஞ்சொல்லைச் சொன்னபடியே எழுதுகிறவர்கள் மிகக் குறைவு. நீங்கள் அதை எழுதியிருக்கிறீர்கள். அந்தச் சொல் அவரை வருத்தியதைப் போலவே உங்களையும் இந்த மாதங்களில் வருத்திக்கொண்டிருக்கிறது என்று புரிந்துகொள்கிறேன். நீங்கள் கேட்காமலே விட்ட சிலவற்றுக்கும் உங்கள் கடிதத்திலேயே விடை இருப்பதால், அதை உங்களோடு சேர்ந்து இன்னொரு முறை படிக்க விரும்புகிறேன்.

உங்கள் மனைவிக்கு வெளியே போகும் ஆசை இல்லையோ என்ற ஐயத்தை முதலில் விட்டுவிடலாம். வாரம் தவறாமல், யாரும் தூண்டாமல், தாமே கிளம்பி, பஸ் ஏறி, கூட்டத்தில் நின்று சாமி கும்பிட்டு, தெருவோரக் கடையில் நின்று தின்றுவிட்டுச் சிரித்த முகத்தோடு வீடு திரும்பும் ஒருவருக்கு ஊர் பார்க்கும் ஆசை வற்றிவிட்டது என்று யாரும் சொல்ல முடியாது. தொடர்ந்த சோர்வு, தூக்கமின்மை, எதிலும் பிடிப்பின்மை ஆகியவை இருந்திருந்தால் மனநல மருத்துவரைப் பாருங்கள் என்று முதல் வரியிலேயே எழுதியிருப்பேன். நீங்கள் எழுதியதில் அப்படி ஏதும் தெரியவில்லை. அந்த வெள்ளிக்கிழமையை உங்களுக்கு எதிரான சாட்சியாக நீங்கள் எழுதியிருக்கிறீர்கள். எனக்கோ, எந்த மாதிரியான பயணம் தமக்குப் பிடிக்கும் என்று உங்கள் மனைவி வாரந்தோறும் உங்களுக்குக் காட்டிக்கொண்டிருப்பதாகவே அது தெரிகிறது.

அந்த மாலையை நினைத்துப் பாருங்கள். அம்மாப்பேட்டையிலிருந்து கோட்டை மாரியம்மன் கோயில் பக்கம்தான். 2021 மே மாதம் முதல் சாதாரணக் கட்டண நகரப் பேருந்துகளில் பெண்களுக்குக் கட்டணம் கிடையாது என்பதால் யாரிடமும் பணம் கேட்க வேண்டியதில்லை, யாருக்கும் கணக்குச் சொல்ல வேண்டியதும் இல்லை. எதையும் சமைத்து எடுத்துப் போக வேண்டியதில்லை. பசித்தால் இரண்டு தட்டுவடைக்கு நடுவில் பீட்ரூட்டும் கேரட்டும் வெங்காயமும் சட்னியும் வைத்து, அடுத்தவர் கையால் ஒரு செட் கிடைக்கிறது. கால் வலித்தால் பிரகாரத்தில் உட்காரலாம். உட்கார்ந்தால் "எழுந்திரு, அடுத்த இடத்துக்கு நேரமாகிறது" என்று சொல்ல யாரும் இல்லை. இரண்டு மூன்று மணி நேரத்தில் வீடு வந்துவிடலாம். கூட வருகிறவர் இவரைப் போன்ற இன்னொரு பெண் என்பதால் முட்டி வலியைப் பற்றியும் மருமகளைப் பற்றியும் பேசிக்கொண்டே போகலாம். இவற்றில் எது ஏற்காட்டுப் பயணத்தில் இருந்தது என்று நீங்களே சொல்லுங்கள்.

இனி ஏற்காட்டுப் பயணம். "புளிச்சோறும் தயிர்ச்சோறும் கட்டிக்கொண்டு ஐந்து மணிக்கே கிளம்பினோம்" என்று எழுதியிருக்கிறீர்கள். அந்த வரியைத் தாண்டிப் போக எனக்கு வெகுநேரமாயிற்று. ஐந்து மணிக்கு வண்டி ஏற வேண்டுமென்றால் புளிச்சோற்றுக்குச் சோறு வடித்து ஆறவைத்து, புளிக்காய்ச்சலைக் கிளறி, தயிர்ச்சோற்றைப் பிசைந்து, அது புளிக்காமல் இருக்கப் பாலை ஊற்றி, டப்பாக்களில் அடைத்து, நடுவில் உங்களுக்குக் காப்பியும் போட்டுத் தர அவர் மூன்று மணிக்காவது எழுந்திருக்க வேண்டும். முதல் நாள் இரவு பதினொன்றுக்கு முன்னால் படுத்திருப்பாரா என்பதும் ஐயமே. இரவு திரும்பிய பிறகு எண்ணெய் படிந்த அந்த டப்பாக்கள் யாருக்காகக் காத்திருந்தன என்று நான் கேட்க வேண்டியதில்லை. நான்கு மணி நேரத் தூக்கத்தோடு மலையேறியவரைத்தான் ஒன்பது இடங்கள் பார்க்கச் சொல்லியிருக்கிறோம்.

உங்கள் அன்பின்மேல் எனக்குச் சந்தேகம் இல்லை. ஆனால் ஓய்வுபெற்றவர்களின் வீடுகளில் நான் திரும்பத் திரும்பக் காணும் ஒன்றை இங்கே சொல்ல வேண்டும். உங்களுக்கு ஓய்வூதிய ஆணை வந்த நாளில் அவருக்கு அப்படி ஒன்றும் வரவில்லை. நீங்கள் அலுவலகம் போன காலத்தில் பகல் பதினொன்றுக்கும் மூன்றுக்கும் இடையில் அந்த வீடு அவருடையதாக இருந்தது. நினைத்தால் படுத்தார், பசித்தால் பழைய சோற்றைச் சாப்பிட்டார். இப்போது பதினொரு மணிக்குக் காப்பி, ஒரு மணிக்குச் சூடாகச் சோறு, நான்கு மணிக்கு மறுபடியும் காப்பி என்று அவருடைய பகலும் பணி நேரமாகிவிட்டது. இதை அவர் உங்களிடம் குறையாகச் சொல்லியிருக்க மாட்டார், அப்படி நினைத்தும் இருக்க மாட்டார். ஆனால் "வீட்டைப் பாத்துக்கறேன்" என்று உங்களை அனுப்பிவைக்கும்போது, அந்தப் பகல் தமக்குக் கொஞ்சம் திரும்பக் கிடைக்கட்டும் என்ற ஆசையும் அதில் இருக்கலாம். அப்படி இருந்தால் அதில் தவறில்லை.

அடுத்ததாக, தண்ணீர் குடிப்பதில்லை என்றும் தலைவலி என்கிறார் என்றும் நீங்கள் எழுதியிருக்கும் வரி. இதை முகம் தூக்கிக்கொள்வதாக நீங்கள் எண்ணியிருப்பதால் சற்று வெளிப்படையாகவே எழுதுகிறேன். நம் ஊரில் பயணம் போகும் பெண்களில் பலர் வீட்டைவிட்டுக் கிளம்புவதற்கு ஒரு மணி நேரம் முன்பே தண்ணீரை நிறுத்திவிடுகிறார்கள். வழியில் சுத்தமான கழிப்பறை இருக்குமா, இருந்தாலும் கதவுக்குத் தாழ்ப்பாள் இருக்குமா, ஓட்டுநரிடம் நிறுத்தச் சொல்ல வேண்டுமே என்ற தயக்கங்களே காரணம். மே மாத வெயிலில் காலை முதல் மாலை வரை தண்ணீர் குடிக்காத உடம்புக்குத் தலைவலி வராமல் என்ன செய்யும்? குமட்டலும் அதனால் கூடும். இதைத் தவிர, பிள்ளை பெற்ற பெண்களில் பலருக்கு இந்த வயதில் இருமினாலோ தும்மினாலோ வண்டி குலுங்கினாலோ சிறுநீர் சிறிது கசிவதுண்டு. கட்டிய கணவரிடம்கூட வாய்விட்டுச் சொல்லாமல் பத்துப் பதினைந்து ஆண்டுகள் இதைச் சுமந்தவர்களை நான் சந்தித்திருக்கிறேன். இடுப்புத்தளத் தசைகளுக்கான பயிற்சியாலும் மருத்துவத்தாலும் பெரும்பாலும் நல்ல முன்னேற்றம் கிடைக்கும் தொல்லை அது. உங்கள் மனைவிக்கு அது இருக்கிறது என்று நான் சொல்லவில்லை, அவரிடம் நீங்கள் துருவிக் கேட்கவும் வேண்டாம். மகளிர் மருத்துவரிடம் ஒரு முறை போய் வரலாமா என்று கேட்டு, போனால் அறைக்கு வெளியே காத்திருங்கள். இரத்த அழுத்தத்துக்கு அவர் மாத்திரை சாப்பிடுகிறவராக இருந்தால், சிறுநீரை அதிகமாகப் பிரியவைக்கும் மருந்து அதில் உண்டா, பயண நாளில் அதை எந்த நேரத்தில் சாப்பிடுவது என்பதையும் மருத்துவரிடமே கேட்டுக்கொள்ளலாம்.

வாந்தியைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். அடிவாரத்திலிருந்து ஏற்காட்டுக்கு ஏறும் பாதையில் 20 கொண்டை ஊசி வளைவுகள் இருப்பதைச் சேலத்துக்காரரான உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. நம் உள்காதில் அரைவட்டமாக வளைந்த மூன்று குழல்கள் இருக்கின்றன. தலை திரும்பும்போது அவற்றிலுள்ள நீர் அசைந்து "திரும்புகிறோம்" என்று மூளைக்குச் சொல்கிறது. பின் இருக்கையில் உட்கார்ந்து முன் இருக்கையின் முதுகையோ மடியிலிருக்கும் பையையோ பார்த்துக்கொண்டிருக்கும் கண், "அசையாமல் இருக்கிறோம்" என்று சொல்கிறது. இரண்டு செய்திகளும் முரண்படுவதால் வருவதுதான் தலைசுற்றலும் குமட்டலும் வாந்தியும். ஓட்டுகிறவருக்கு இது பெரும்பாலும் வருவதில்லை, ஏனென்றால் அடுத்த திருப்பம் எந்தப் பக்கம் என்று அவருக்கு முன்பே தெரியும். ஆண்களைவிடப் பெண்களுக்கு இது அதிகம் வருகிறது. தூக்கக் குறைவும் வெறும் வயிறும் நிறைந்த வயிறும் மூடிய வண்டிக்குள் அடைபட்ட உணவு வாசனையும் இதைக் கூட்டும். அன்று உங்கள் காரில் இவற்றில் எத்தனை இருந்தன என்று எண்ணிப் பாருங்கள். சின்னக் குழந்தைத்தனம் இதில் எள்ளளவும் இல்லை ஐயா. காதின் வேலை அது. கப்பலோட்டிகளுக்கும் வரும்.

ஆகவே நீங்கள் செய்ய வேண்டிய முதல் காரியம் பயணத்தைப் பற்றியதே அல்ல. அந்தச் சொல்லைத் திரும்பப் பெறுவதுதான். "சின்னக் குழந்தையா" என்பதைவிட "ஆறாயிரம் வீண்" என்பதே அவரை அதிகம் புண்படுத்தியிருக்கும் என்பது என் கணிப்பு. 34 ஆண்டுகளாகக் குடும்பத்தின் ஒவ்வொரு ரூபாயையும் எண்ணிச் செலவழித்த ஒரு பெண், தமக்காகச் செலவழித்த தொகை வீண் என்று மூன்றாம் மனிதர் ஒருவர் முன்னிலையில் கேட்டிருக்கிறார். அதற்குப் பிறகு ஏரிக்கரையில் இறங்கிப் படகு பார்க்க அவருக்கு எப்படி மனம் வரும்?

மன்னிப்புக் கேட்பது உங்கள் தலைமுறை ஆண்களுக்குப் பழக்கமில்லாத காரியம் என்பதை அறிவேன். புடவையோ கொலுசோ வாங்கிக் கொடுத்து அதைச் சொல்லாமலே சொல்லிவிடலாம் என்று செவ்வாய்ப்பேட்டைக்குக் கிளம்பிவிடாதீர்கள். இந்த இடத்தில் சொல்தான் வேண்டும். இருவரும் மட்டும் இருக்கும் ஒரு நேரத்தில், அவர் கையில் வேலை இல்லாதபோது, "அன்னிக்கு வண்டியில, அந்த டிரைவர் முன்னாடி நான் அப்படிச் சொல்லியிருக்கக் கூடாது. நீ மூணு மணிக்கே எழுந்திரிச்சதையும் நான் நெனச்சுப் பாக்கல. தப்பு என்னோடதுதான்" என்று சொன்னால் போதும். அதோடு நிறுத்திவிடுங்கள். "ஆனா நீயும்" என்று தொடங்கும் இன்னொரு வாக்கியத்தையோ, "சரி, அடுத்த வாரம் எங்க போகலாம்" என்ற கேள்வியையோ அதனுடன் சேர்த்தால், அடுத்த பயணத்துக்கான முன்பணமாக அந்த மன்னிப்பு மாறிவிடும். அவர் பதில் சொல்லாமல் எழுந்து போகலாம், அழலாம், "அதெல்லாம் ஒண்ணுமில்ல" என்று தள்ளிவிடலாம். எது நடந்தாலும் ஒரு பதினைந்து நாள் எங்கேயும் கூப்பிடாமல் இருங்கள். அந்த நாட்களில் பதினொரு மணிக் காப்பியை நீங்கள் போடுங்கள். உங்களுடையதை மட்டும் அல்ல, இருவருக்கும்.

அந்த வெள்ளிக்கிழமையில் நீங்கள் புகுந்துவிடக் கூடாது என்பதையும் அழுத்தமாகச் சொல்கிறேன். "நானும் வர்றேனே" என்று கிளம்பத் தோன்றும். வேண்டாம். பக்கத்து வீட்டு அம்மாவோடு அவர் பேசும் பேச்சும், அவர்கள் இருவரும் சேர்ந்து சிரிக்கும் சிரிப்பும் அவருடைய சொத்து. உங்களுக்கென்று இன்னொரு நாளை அவரிடம் கேட்டு வாங்குங்கள். அந்த மாலைக்கு எங்கே போவது, எத்தனை மணிக்குத் திரும்புவது என்பதை அவர் சொல்லட்டும். "உங்க இஷ்டம்" என்று அவர் சொல்லிவிட்டால் உடனே ஒரு பட்டியலை நீட்டிவிடாமல், "இல்ல, நீ சொல்லு, நாளைக்குச் சொன்னாப் போதும்" என்று காத்திருங்கள். 34 ஆண்டுகளாகக் கேட்கப்படாத கேள்விக்கு ஒரே நிமிடத்தில் பதில் வராது. ஒருவேளை அவர் ஆசைப்படுவது அம்மாப்பேட்டைத் தெருக்களில் இரவுச் சாப்பாட்டுக்குப் பிறகு ஒரு நடை மட்டுமாக இருக்கலாம். அதையே பயணம் என்று எடுத்துக்கொள்ளுங்கள்.

இப்படிச் சில மாலைகள் நன்றாகப் போன பிறகு அரை நாள் பயணமாகத் தாரமங்கலத்தை நான் சொல்வேன். சேலத்திலிருந்து சுமார் 25 கிலோமீட்டர்தான், பாதையில் மலை இல்லை, வளைவு இல்லை, பஸ் வசதியும் உண்டு. அந்தப் பகுதியை ஆண்ட கட்டி முதலிகள் எழுப்பிய கைலாசநாதர் கோயிலை நீங்கள் முன்பே பார்த்திருப்பீர்கள், ஆனால் கல்யாண வீட்டுக் கூட்டத்தோடு பார்த்திருப்பீர்கள். அங்கே வாலியும் சுக்ரீவனும் போரிடும் சிற்பம் ஒரு தூணிலும், அம்பு தொடுத்து மறைந்து நிற்கும் இராமன் வேறொரு தூணிலும் இருக்கின்றன. இராமன் அருகில் நின்று பார்த்தால் வாலி தெரிவான், வாலி அருகில் நின்று பார்த்தால் இராமன் தெரியமாட்டான். இதைத் தனியாகப் போய்ப் பார்ப்பதில் பாதிச் சுவைதான். ஒருவர் இங்கும் ஒருவர் அங்கும் நின்று, "தெரியுதா?", "இல்லையே, இன்னும் கொஞ்சம் தள்ளி நில்லுங்க" என்று குரல் கொடுத்து, பிறகு இடம் மாறி நின்று பார்க்க வேண்டும். வெயில் ஏறுவதற்கு முன்பு காலையில் போய், நடை சாத்துவதற்குள் பார்த்துவிட்டு, மதியச் சாப்பாட்டை ஓட்டலில் முடித்துக்கொண்டு திரும்பிவிடலாம். டப்பா எடுக்க வேண்டாம். வெளிச்சாப்பாடு ஒத்துக்கொள்ளாதது யாருக்கு என்று உங்கள் கடிதத்தில் இல்லை. தட்டுவடை செட் சாப்பிட்டுவிட்டு அவர் நலமாகத்தான் வீடு திரும்புகிறார். ஒத்துக்கொள்ளாதது உங்களுக்குத்தான் என்றால் இரண்டு இட்லியோடு நீங்கள் நிறுத்திக்கொள்ளுங்கள்.

இருவருமாகச் சேர்ந்து செய்ய ஏதேனும் இருக்கும் இடமாகப் பார்க்கச் சொல்வதற்குக் காரணம் உண்டு. அமெரிக்க உளவியல் அறிஞர் ஆர்தர் ஏரானும் அவருடைய குழுவினரும் 2000ஆம் ஆண்டில் வெளியிட்ட ஆய்வு ஒன்றில், தம்பதியரின் கையையும் காலையும் ஒருவரோடு ஒருவராகக் கட்டி, கையால் தொடாமல் ஒரு திண்டை இருவருமாகத் தாங்கியபடி மெத்தை விரித்த தரையில் தவழச் சொன்னார்கள். ஏழே நிமிட வேலை. வழக்கமான, சலிப்பான வேலையைச் செய்த தம்பதியரைவிட, இந்த விளையாட்டைச் செய்தவர்கள் தம் இல்வாழ்வைப் பற்றிக் கூடுதலான நிறைவோடு பேசினார்கள். புதுமை தம்பதியருக்கு நல்லது என்று பலர் இதைச் சுருக்கிச் சொல்லிவிடுகிறார்கள். ஆனால் அந்த வேலையில் ஒருவர் நடத்துபவராகவும் மற்றவர் பின்னால் உட்கார்ந்து வருபவராகவும் இருக்க வழியே இல்லை என்பதை நான் அதைவிட முக்கியமாகக் கருதுகிறேன். ஒன்பது இடங்கள் கொண்ட உங்கள் பட்டியலில் அவருக்கு இருந்த ஒரே வேலை சோறு கட்டுவதுதான்.

ஏற்காட்டை அவரே மறுபடி பேச்சில் எடுக்கும்வரை நீங்கள் எடுக்காதீர்கள். அவர் எடுத்தால், கீழே சொல்வதை மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.

மே மாதமும் சனி ஞாயிறும் வேண்டாம். கோடை விழாக் கூட்டத்தில் வண்டி நிறுத்த இடம் தேடுவதிலேயே பாதிப் பொறுமை போய்விடும். அதே போல் வடகிழக்குப் பருவமழை கொட்டும் நாட்களும் வேண்டாம். 2024 டிசம்பரில் ஃபெஞ்சல் புயல் மழையில் மலைப்பாதையில் மண் சரிந்து போக்குவரத்து நின்றது உங்களுக்கு நினைவிருக்கும். என்னைக் கேட்டால் மார்ச், ஏப்ரலில் கோடைமழை பெய்து, அதிலிருந்து எட்டுப் பத்து நாள் கழித்துப் போகலாம் என்பேன். காப்பிச் செடிகள் பூப்பது அப்போதுதான். சேலத்தில் கலெக்டராக இருந்த காக்பர்ன் 1820களில் சேர்வராயன் மலைக்குக் கொண்டுவந்த காப்பி, இன்று சில்வர் ஓக் மர நிழலில், மிளகுக்கொடிகளின் நடுவே மலை முழுவதும் நிற்கிறது. கிளையெல்லாம் வெள்ளையாகப் பூத்து, மல்லிகையைப் போல் மணந்து, இரண்டு மூன்று நாட்களில் வாடிவிடும். அதைப் பார்க்கக் கட்டணமும் இல்லை, வரிசையும் இல்லை. தோட்டத்து ஓரச் சாலையில் வண்டியை நிறுத்திக் கண்ணாடியை இறக்கினால் போதும். மழை எந்த நாளில் பெய்யும் என்று முன்கூட்டியே சொல்ல முடியாது என்பதால், தேதி குறித்து வைக்காமல் "மழை பெஞ்சிருக்காம், போலாமா?" என்று திடீரென்று கிளம்புகிற பயணமாக அது அமையும். உங்களுக்கு ஓய்வு இருக்கிறது, அது கைகூடும்.

அம்மாப்பேட்டையில் இருக்கும் உங்களுக்கு அயோத்தியாப்பட்டணம், குப்பனூர் வழியாக ஏறுவது வசதி. அந்தப் பாதையில் கொண்டை ஊசி வளைவுகள் குறைவு. அவர் முன் இருக்கையில் உட்காரட்டும், நீங்கள் பின்னால் உட்காருங்கள். முந்தின இரவு நன்றாகத் தூங்கி, கிளம்புவதற்கு ஒரு மணி நேரம் முன்பு இரண்டு இட்லி அளவுக்குச் சாப்பிட்டு, கைபேசியைப் பார்க்காமல், தூரத்துச் சாலையிலேயே கண்ணை வைத்து வந்தால் பெரும்பாலும் குமட்டல் அடங்கும். வேகம் வேண்டாம் என்று ஓட்டுநரிடம் நீங்கள் முன்பே சொல்லி வையுங்கள், உங்கள் மனைவி சொல்லும்படி விடாதீர்கள். வாந்தியைத் தடுக்கும் மாத்திரைகளும் உண்டு. அவற்றைக் கிளம்பும் முன்பே சாப்பிட வேண்டும், வாந்தி வந்தபின் சாப்பிட்டுப் பயனில்லை. சில மாத்திரைகள் தூக்கம் தரும், கண் அழுத்த நோய் உள்ளவர்களுக்கு ஆகாதவையும் அவற்றில் உண்டு என்பதால் மருத்துவரைக் கேட்காமல் வாங்க வேண்டாம். இவ்வளவுக்குப் பிறகும் வாந்தி வந்தால் வரட்டும். ஒரு பையும் தண்ணீரும் துண்டும் உங்கள் கையில் இருக்கட்டும். வண்டியை நிறுத்தி, இறங்கி, அவர் நெற்றியைப் பிடித்துக்கொள்ளுங்கள்.

ஒரே நாளில் ஏறி இறங்குவதைவிட ஓர் இரவு தங்குவது நல்லது. செலவு கூடும்தான், ஆனால் வளைவுகளை ஒரே நாளில் இரண்டு முறை கடக்கும் வேதனை இல்லை, தங்குமிடத்தில் சுத்தமான கழிப்பறை உண்டு, முட்டி வலித்தால் படுக்கவும் இடம் உண்டு. தமிழ்நாடு சுற்றுலா வளர்ச்சிக் கழகத்தின் விடுதி ஏரிக்கு அருகிலேயே இருக்கிறது. இடங்களில் இரண்டு போதும். கிளியூர் அருவிக்குச் செங்குத்தான படிகளில் இறங்கி மறுபடி ஏற வேண்டும் என்பதால் 57 வயது முட்டிகளுக்கு அதைப் பரிந்துரைக்க மாட்டேன். அவருக்குக் கோயில் பிடிக்கும் என்பதால் மலையுச்சியில் சேர்வராயனும் காவேரியம்மனும் சேர்ந்து குடியிருக்கும் குகைக்கோயிலுக்குப் போகலாம். உள்ளே குனிந்துதான் போக வேண்டும், முன்னால் நீங்கள் போய்க் கை கொடுங்கள். இருட்டிய பிறகு லேடீஸ் சீட் என்ற காட்சிமுனையில் போய் உட்கார்ந்தால் சேலம் நகரம் முழுவதும் விளக்குகளாகக் கீழே கிடக்கும். அதில் அம்மாப்பேட்டை எந்தப் பக்கம் என்று இருவரும் தேடிக்கொண்டிருக்கலாம். அதற்கு எவ்வளவு நேரம் ஆனாலும் அடுத்து போக வேண்டிய இடம் என்று ஒன்று இருக்கக் கூடாது.

கடைசியாக, காசி. இப்போது கட்ட வேண்டாம். அரை நாள் பயணத்தில் இன்னும் இணக்கம் கூடாதபோது, முன்பின் அறியாதவர்களோடு பல நாட்கள் ரயிலிலும் விடுதியிலும் ஒன்றாக இருப்பது உங்கள் இருவருக்குமே கடினம். பணம் கட்டியாகிவிட்டது என்ற ஒரே காரணத்துக்காக அவர் வாயை மூடிக்கொண்டு வந்துவிடுவார். அது ஏற்காட்டைவிடப் பெரிய காயமாக முடியலாம். மகனின் எண்ணம் நல்லது. ஆனால் அவர் உங்களிடம் கேட்டிருக்கிறார், நீங்கள் என்னிடம் கேட்கிறீர்கள், யாத்திரை போக வேண்டியவரிடம் இதுவரை யாரும் கேட்டதாகத் தெரியவில்லை. அடுத்த முறை பெங்களூரிலிருந்து போன் வரும்போது, "அம்மாகிட்டயே கேளுப்பா" என்று சொல்லிப் போனை அவரிடம் கொடுத்துவிட்டு, நீங்கள் வாசலுக்கு வந்துவிடுங்கள்.

அன்புடன்,
குடும்பநல ஆலோசகர்